விழாவிட்டால் யாருக்கு?

1968ஆம் ஆண்டு அறிஞர் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது தமிழக அரசு பரிசுச் சீட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. சீட்டின் விலை ஒரு ரூபாய். முதல் பரிசு ஒரு லட்சம் ரூபாய். "விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு" என்று அன்று சொல்லப்பட்ட வாசகம் நம் மூத்த வணிகர்கள் பலருக்கு இன்றும் நினைவில் இருக்கும். பரிசு விழாத ரூபாய் எங்கே போகிறது என்று கேட்டால், அரசுக் கருவூலத்துக்கு என்று அந்த வாசகமே பதில் சொல்லிவிட்டது. அந்தப் பதிலை அப்படியே நம்பலாமா என்பது வேறு விவாதம். பதில் என்று ஒன்று இருந்தது.

இன்று தமிழ்நாட்டில் லாட்டரி கிடையாது. 2003 ஜனவரியில் ஜெயலலிதா தலைமையிலான அரசு எல்லா லாட்டரிகளின் விற்பனையையும் தடை செய்தது. ஆனாலும் "மூணு நம்பர்" எழுதுகிறவர்கள் நம் கடைகளைக் கடந்துதான் தினமும் போய்வருகிறார்கள். அந்தச் சீட்டில் விழாத பணம் யாருக்குப் போகிறது? உளுந்தூர்பேட்டை வட்டாரத்து வணிகர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும் என்பது நம் கருத்து. காரணம், அந்தப் பணம் நம் கல்லாவுக்கு வரவேண்டிய பணம்.

தடைக்கு முந்திய காலத்தை இளைய வணிகர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். சென்னை, திருச்சி, சேலம் என்று மூன்று பக்கமும் பேருந்துகள் பிரிகிற ஊர் நம்முடையது. பேருந்து நின்றதும் ஜன்னல் ஓரத்தில் முறுக்கும் வேர்க்கடலையும் வருவதற்கு முன்னால் லாட்டரிச் சீட்டு வந்துவிடும். கேரளா, சிக்கிம், பூட்டான், நாகாலாந்து என்று, வரைபடத்தில் காட்டச் சொன்னால் நமக்கே தெரியாத ஊர்களின் சீட்டுகள் கயிற்றில் தோரணமாகத் தொங்கும். மாலையில் ரிசல்ட் தாளைச் சுற்றிக் கூட்டம் நிற்கும். ஒற்றை எண் லாட்டரி வந்த பிறகுதான் நிலைமை கெட்டது. மாதத்துக்கு ஒரு சீட்டு வாங்கியவர் ஒரே நாளில் பத்துச் சீட்டு வாங்கினார். பெட்டிக்கடை வைத்திருந்த நம்மவர்கள் சிலரும் கமிஷனுக்காக விற்றார்கள், இல்லை என்று சொல்ல முடியாது. மாற்றுத் திறனாளிகள் பலருக்கு அதுவே பிழைப்பாக இருந்தது, தடை வந்தபோது அவர்கள் தெருவில் நின்றார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

அந்த லாட்டரிக்குச் சட்டம் என்று ஒன்று உண்டு. 1998இல் நாடாளுமன்றம் லாட்டரிகள் (ஒழுங்குமுறை) சட்டத்தை நிறைவேற்றியது. மாநில அரசு நடத்தும் லாட்டரி எப்படி இருக்க வேண்டும் என்று அதன் 4ஆவது பிரிவு சொல்கிறது. ஒற்றை எண்ணை வைத்தோ, முன்கூட்டியே அறிவித்த எண்ணுக்கோ பரிசு தரக்கூடாது. சீட்டை அரசே அச்சிட வேண்டும், அதில் அரசின் முத்திரை இருக்க வேண்டும். விற்ற பணம் அரசின் பொதுக் கணக்கில் சேர வேண்டும். குலுக்கலை அரசே, தன் மாநில எல்லைக்குள்ளேயே நடத்த வேண்டும். கேட்பாரில்லாத பரிசுத் தொகை அரசுக்குச் சேரும். ஒரு லாட்டரிக்கு வாரத்தில் ஒரு குலுக்கலுக்கு மேல் கூடாது, பம்பர் குலுக்கல் ஆண்டுக்கு ஆறுக்கு மேல் கூடாது. மீறி விற்றால் இரண்டு ஆண்டு வரை கடுங்காவல், ஜாமீனில் விடமுடியாத குற்றம். 2010இல் இதற்கு மத்திய அரசு தனியாக விதிகளும் வகுத்தது.

தராசுக்கு முத்திரை வாங்கும் நமக்கு இது புதிதாகத் தோன்றாது. மின்னணுத் தராசை ஆண்டுக்கு ஒருமுறை முத்திரை ஆய்வாளரிடம் காட்டாமல் நாம் அரைக் கிலோ உளுந்து நிறுக்க முடியாது. பொட்டலத்தில் எடை, விலை, தயாரித்த மாதம் இல்லாவிட்டால் வழக்கு. லாட்டரிச் சீட்டில் அரசு முத்திரை இருக்க வேண்டும் என்பதும் அதே வகையான விதிதான். வாங்குகிறவன் ஏமாறாமல் இருக்க, விற்கிறவனுக்கு மேலே ஒரு கண் வேண்டும்.

விதிகள் எல்லாம் ஓட்டையில்லாதவை என்று நாம் சொல்லவில்லை. நீ தடுக்கில் புகுந்தால் நான் கோலத்தில் புகுவேன் என்பதுபோல, வாரத்துக்கு ஒரு குலுக்கல் என்று சட்டம் சொன்னால், வாரத்தின் ஏழு நாளுக்கும் ஏழு பெயரில் ஏழு லாட்டரி நடத்தினால் போயிற்று. கேரள அரசு அப்படித்தான் நாள்தோறும் குலுக்கல் நடத்துகிறது. வேறு சில மாநிலங்களில் லாட்டரி அரசின் பெயரில் இருந்தாலும் அதை ஓட்டுவது மொத்த விநியோகஸ்தர்தான். அந்த விநியோகத்தில் எவ்வளவு பணம் புழங்குகிறது என்பது 2024 மார்ச்சில் தேர்தல் ஆணையம் தேர்தல் பத்திர விவரங்களை வெளியிட்டபோது நாட்டுக்கே தெரிந்தது. பத்திரம் வாங்கியவர்களில் முதலிடம் பியூச்சர் கேமிங் என்ற லாட்டரி நிறுவனத்துக்கு, தொகை 1,368 கோடி ரூபாய். மளிகை மொத்த வியாபாரத்தில் இப்படி ஒரு லாபம் யாராவது கண்டதுண்டா?

தமிழ்நாட்டின் தடை ஏன் முழுத் தடையாக இருக்கிறது என்று சிலர் கேட்கிறார்கள். வெளி மாநிலச் சீட்டை மட்டும் தடுத்துவிட்டு நம் அரசுச் சீட்டை வைத்துக்கொண்டிருக்கலாமே என்பது அவர்கள் வாதம். அது முடியாது. வெளி மாநில லாட்டரியைத் தடை செய்ய 1998 சட்டத்தின் 5ஆவது பிரிவு அதிகாரம் தருகிறது. ஆனால் தான் லாட்டரி நடத்திக்கொண்டு மற்றவரை மட்டும் தடுக்கக்கூடாது என்று 1999இல் பி.ஆர். எண்டர்பிரைசஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. எல்லாவற்றையும் விடு, அல்லது எல்லாவற்றையும் மூடு. தமிழ்நாடு மூடியது. நாம் அதை அன்றும் வரவேற்றோம், இன்றும் வரவேற்கிறோம்.

நம் மனக்குறை வேறு. கதவை மூடிய அரசு பின்வாசலுக்குக் காவல் போடவில்லை.

மூணு நம்பர் என்பது லாட்டரியே இல்லை. கேரளத்தில் அன்று பிற்பகல் குலுக்கலில் முதல் பரிசு விழுகிற எண்ணின் கடைசி மூன்று இலக்கம் எது என்று பந்தயம் கட்டுவது. சீட்டு கிடையாது, துண்டுத் தாளில் எழுதிக் கொடுப்பார்கள். இப்போது அதுவும் போய்க் கைப்பேசிச் செய்தியாகிவிட்டது. குலுக்கல் மட்டும் கேரள அரசினுடையது. பணம், பரிசு, பொறுப்பு எதிலும் கேரள அரசுக்கோ தமிழக அரசுக்கோ சம்பந்தம் இல்லை. அரசு முத்திரை கேட்கும் சட்டத்தின் கண்ணில் படாமலேயே, அரசு குலுக்கலின் நம்பகத்தன்மையை மட்டும் ஓசியில் எடுத்துக்கொள்ளும் வியாபாரம் இது.

கணக்கைப் பார்ப்போம், கணக்குதான் நம் தொழில். 000 முதல் 999 வரை ஆயிரம் எண்கள். ஆளுக்குப் பத்து ரூபாய் வீதம் ஆயிரம் பேர் ஆயிரம் எண்ணிலும் கட்டினால் பத்தாயிரம் ரூபாய் சேரும். சரியாகச் சொன்னவருக்கு ஐயாயிரம் தருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நடத்துகிறவனுக்குப் பாதிக்குப் பாதி மிச்சம். சர்க்கரையில் கிலோவுக்கு ஒரு ரூபாய் நிற்குமா என்று தலையைச் சொறிகிற நமக்கு நூற்றுக்கு ஐம்பது லாபம், அதுவும் கொள்முதல் இல்லாமல், கிடங்கு வாடகை இல்லாமல், ஜி.எஸ்.டி. இல்லாமல்! தன் எண் விழுந்தும் அவன் பணம் தரவில்லையென்றால் ஜெயித்தவர் எங்கே போய்க் கேட்பார்? காவல் நிலையத்துக்குப் போனால் அவர் மீதே வழக்கு வரும்.

இதன் விலை என்ன என்பதை நம் பக்கத்திலேயே பார்த்தோம். 2019 டிசம்பரில் விழுப்புரத்தில் ஒரு நகைத் தொழிலாளி, மூன்று நம்பர் சீட்டில் எல்லாவற்றையும் இழந்து, மனைவி, மூன்று பெண் குழந்தைகளோடு உயிரை விட்டார். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகி ஒரு மாதம்கூட ஆகாத நேரம் அது, அதுவரை நாமும் விழுப்புரம் மாவட்டத்துக்காரர்களே. அதன்பின் சோதனை நடந்தது, சீட்டு எழுதிய பலர் கைதானார்கள். அப்போதே தடை வந்து 16 ஆண்டு முடிந்திருந்தது. ஐந்து உயிர் போன பிறகு ஒரே வாரத்தில் பிடிக்க முடிந்தவர்களை அதற்கு முன்னால் ஏன் பிடிக்க முடியவில்லை?

பிடிபடுவது யார் என்றும் பாருங்கள். பேருந்து நிலையத்தில், டீக்கடை ஓரத்தில் நின்று எண் எழுதித் தருகிறவன். அவனிடம் ஒரு நோட்டு, ஒரு கைப்பேசி, சில நூறு ரூபாய். கட்டிய பணம் முதலில் யாரிடம் போகிறது, அவரிடமிருந்து எந்த ஊருக்குப் போகிறது என்பது வெளியே வருவதில்லை. அனுமதியற்ற லாட்டரிக்கு அலுவலகம் வைத்து நடத்தினால் பழைய இந்திய தண்டனைச் சட்டம் 294-அ பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம். 2024 ஜூலை முதல் வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அதுவே 297ஆவது பிரிவு. அபராதத்தைக் கட்டிவிட்டு மறுநாள் அதே இடத்தில் நிற்பதற்கு அவனுக்குக் கட்டுப்படியாகிறது. அரசு லாட்டரிக்கு ஓர் இயக்குநரகம் இருக்கும், கணக்கு இருக்கும், தணிக்கை வரும். தடை செய்யப்பட்ட லாட்டரிக்குப் பொறுப்பான அதிகாரி யார் என்று நம் வட்டத்தில் கேட்டால் ஒருவரும் கையைத் தூக்க மாட்டார்கள்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயத்துக்கு அறுபதுக்கும் மேற்பட்டோர் பலியானதை நாம் மறந்துவிடவில்லை. அதற்கும் சட்டம் இருந்தது. மதுவிலக்குச் சட்டத்தில் தண்டனையைக் கடுமையாக்கியது பிணங்கள் விழுந்த பிறகுதான்.

லாட்டரியைத் திரும்பக் கொண்டுவந்தால் அரசுக்கு வருமானமாவது வருமே என்று நம்மில் படித்தவர்கள் சிலர் சொல்கிறார்கள். கேரளத்தில் 2023-24இல் லாட்டரி விற்பனை 12,000 கோடி ரூபாயைத் தாண்டியது உண்மை. ஏழை நோயாளிகளின் சிகிச்சைக்கென்று காருண்யா லாட்டரி நடப்பதும் உண்மை. ஜி.எஸ்.டி. வேறு 2020 மார்ச் முதல் 28 சதவீதமாக இருந்து, 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதமாக உயர்ந்திருக்கிறது. எல்லாம் சரி. பரிசும் முகவர் கமிஷனும் அச்சுக் கூலியும் போக மிஞ்சுவது அந்த 12,000 கோடியில் ஒரு சிறு பங்குதான். அந்தப் பங்குக்காகச் சீட்டு வாங்குகிறவர் பெரும்பாலும் கூலிக்காரர். அரசு அவரிடம் இப்படி வரி வசூலிக்க வேண்டாம்.

நமக்குத் தெரிந்த ஒரு மளிகைக்கடைக்காரர் சொன்னதை எழுதுகிறோம். அவரிடம் பல ஆண்டாகக் கடன் நோட்டு வைத்திருந்த ஒரு கொத்தனார் குடும்பம். சனிக்கிழமை கூலி வந்ததும் பாக்கியைத் தீர்த்துவிடும். சில மாதமாகப் பாதிதான் வந்தது. எண்ணெய் ஒரு லிட்டர் வாங்கியவர்கள் கால் லிட்டர் வாங்கினார்கள், துவரம்பருப்பு நின்றேபோனது. உடம்பு சரியில்லையோ என்று இவர் கேட்டதற்கு அந்த அம்மா, "உடம்புக்கு ஒண்ணுமில்லண்ணே, அவரு நம்பரு எழுதுறாரு" என்று சொன்னாராம். நோட்டில் நின்ற பாக்கியை இவர் பிறகு கேட்கவில்லை.

இதில் நம் பக்கத்துக் குறையையும் சொல்லிவிட வேண்டும். கடையை ஒட்டி ஒருவன் நின்று நம்பர் எழுதினால் நமக்கும் கூட்டம் வருகிறது என்று கண்டும் காணாமல் இருப்பவர்கள் உண்டு. அவர்கள் கடையின் பெயர்தான் நாளை முதலில் வழக்கில் ஏறும்.

இன்னொன்று, வணிகர்கள் பலர் அறியாதது. 1979ஆம் ஆண்டின் தமிழ்நாடு பரிசுத் திட்டங்கள் தடைச் சட்டம். நம் கடையில் பொருள் வாங்கியவர்களுக்குள் குலுக்கல் போட்டு ஸ்கூட்டியோ தங்கக் காசோ தருவதும் இச்சட்டப்படி குற்றம். பெரிய கம்பெனி விளம்பரங்களின் அடியில் பொடி எழுத்தில் "இத்திட்டம் தமிழ்நாட்டில் செல்லாது" என்று போடுவது இதனால்தான். தீபாவளி, பொங்கலுக்குக் கூப்பன் அடித்துப் பெட்டியில் போடச் சொல்லும் வழக்கம் சிற்றூர்களிலும் பரவுகிறது. அச்சகத்தில் பணம் கட்டுவதற்கு முன் ஒரு வக்கீலைக் கேட்டுவிடுங்கள். வாங்கும் ஒவ்வொருவருக்கும் குலுக்கலின்றி ஒரு தேங்காயோ கைப்பையோ கொடுங்கள், அது வேறு விஷயம்.

மாவட்ட நிர்வாகத்திடம் நாம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. இந்த மாவட்டத்தில் மூணு நம்பர் விற்பனையைத் தடுப்பதற்குப் பொறுப்பு இன்ன அதிகாரிக்கு என்று அறிவிக்கட்டும். எத்தனை பேர் கைதானார்கள் என்பதோடு, பணம் வசூலித்த மேல்மட்டத்தில் எத்தனை பேர் என்றும் மாதந்தோறும் வெளியிடட்டும். தகவல் சொல்லும் கடைக்காரரின் பெயர் வெளியே போகாது என்ற உறுதி வேண்டும், இல்லாவிட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். நம் சங்கமும் சும்மா இருக்கக்கூடாது. தன் கடை வாசலில் நம்பர் எழுத இடம் கொடுக்கும் உறுப்பினருக்கு முதல் தடவை எச்சரிக்கை, இரண்டாம் தடவை உறுப்பினர் அட்டையைத் திரும்ப வாங்குவது என்று அடுத்த பொதுக்குழுவிலேயே தீர்மானம் கொண்டுவர வேண்டும். முன்மொழிய ஆள் இல்லையென்றால் நாமே முன்மொழிகிறோம்.