விளங்காத அறிவித்தல் அறிவித்தலாகுமா?

வஹகோட்டை அந்தோனியார் திருவிழாவுக்குச் சென்றிருந்த நாம், கோவில் முற்றத்தில் இரு பெண்களைச் சந்தித்தோம். ஒருவர் தமிழர், மற்றவர் சிங்களவர். மாத்தளை மாவட்டத்தில் ஒரே தொழிற்சாலையில் வேலை செய்தவர்கள். சென்ற கார்த்திகையில் இருவரும் ஒரே வாரத்தில் வேலையிழந்தனர். காரணம், வாயிற் பலகையில் ஒட்டப்பட்டிருந்த ஓர் ஆங்கில அறிவித்தல்!

அதன் பிரதியை வாங்கிப் படித்தோம். பதினொரு வரிகள்; ஒரே வாக்கியம். "மேற்கூறப்பட்ட", "இதன்கீழ் ஏற்பாடு செய்யப்பட்டவாறன்றி" என்றெல்லாம் வளைந்து நெளிந்து, கடைசி வரியிலேதான் விஷயத்துக்கு வருகிறது: முன்னனுமதியின்றி வராதோர் "பதவியை வெறிதாக்கியதாகக் கருதப்படுவர்". நாள்தோறும் அப்பலகையைக் கடந்து சென்ற இருவரும் அதனை ஏதோ விடுமுறை அறிவித்தல் என்றே எண்ணியிருந்தனர். பிள்ளைகளின் காய்ச்சலுக்காக மூன்று நாள் வீட்டில் நின்றனர். நான்காம் நாள் வாயில் அடைக்கப்பட்டது. "அறிவித்தல் ஒட்டியிருந்தோமே!" என்றது நிருவாகம்.

ஒட்டினால் போதுமா? அறிவிப்பதுதானே அறிவித்தல்?

பதவி வெறிதாக்கலுக்கு வேலைக்கு வராமை மட்டும் போதாது. வேலையைக் கைவிடும் எண்ணமும் இருத்தல் வேண்டும் என்பது இலங்கை நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்ட கோட்பாடு. வாசித்து விளங்க முடியாத தாளைக் கடந்து சென்ற தாயிடம் அந்த எண்ணத்தை எங்கே தேடுவது? தொழில் நியாய சபையில் இவ்வாதத்தை நாமே எடுத்துரைத்திருப்போம். ஆனால், வேலைநீக்கத்திலிருந்து ஆறு மாதத்துள் விண்ணப்பித்தாக வேண்டும் என்பது சட்டம். அவர்கள் எம்மைக் கண்டதோ ஏழாம் மாதத்தில்! அந்த எல்லையையும் அவர்களுக்கு எவரும் விளங்கும் மொழியில் சொல்லவில்லை.

1956இல் வந்த "சிங்களம் மட்டும்" சட்டம், ஆங்கிலத்தின் ஆட்சியை ஒழிக்கப் போவதாகக் கூறிற்று, ஒதுக்கியதோ தமிழை. 1987இல் பதின்மூன்றாந் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றது. அந்த இணைப்பு மொழி இத்தொழிற்சாலை வாயிலில் ஒரு தமிழ்ப் பெண்ணையும் ஒரு சிங்களப் பெண்ணையும் இணைத்தது உண்மைதான்: வேலையிழப்பிலே இணைத்தது!

ஆங்கிலத்தை நாம் பகைக்கவில்லை. ஆங்கிலேயரே கைவிட முயலும் ஆங்கிலத்தையே கண்டிக்கிறோம். அரச ஊழியர் எளிய சொற்களில் எழுதவேண்டுமென ஏர்னஸ்ட் கவர்ஸ் 1948இலேயே நூல் எழுதினார். 1979இல் கிறிஸ்ஸி மாஹர் என்னும் பெண்மணி, விளங்காத அரசாங்கப் படிவங்களை இலண்டன் நாடாளுமன்றச் சதுக்கத்தில் துண்டுதுண்டாக்கித் தம் இயக்கத்தைத் தொடங்கினார். 2010இல் அமெரிக்கா தன் அரசாங்க நிறுவனங்களுக்கு எளிய நடையைச் சட்டத்தால் விதித்தது. அவர்கள் களைந்த பழஞ்சட்டையை நமது நிருவாகிகள் மடிப்புக் கலையாமல் அணிந்து நிற்கின்றனர்.

"சட்டப் பாதுகாப்புக்காகவே அந்நடை" என்பர். யாருக்குப் பாதுகாப்பு? "திங்கட்கிழமை வேலைக்கு வாருங்கள், வர இயலாவிடின் காரணத்தை அறிவியுங்கள், இரண்டும் செய்யாவிடின் வேலையை இழப்பீர்கள்" என எழுதினால் எந்தச் சட்டம் குலைந்துவிடும்? "மொழிபெயர்த்து ஒட்டுவோம்" என்பாரும் உளர். குழம்பிய ஆங்கிலத்தைப் பெயர்த்தால் குழம்பிய தமிழும் குழம்பிய சிங்களமுமே கிடைக்கும். மூலம் தெளிந்தாலன்றி மூன்றும் தெளியா.

ஆகவே நாம் கோருவன மூன்று. வேலைத்தலத்து அறிவித்தல் ஒவ்வொன்றும் தமிழிலும் சிங்களத்திலும் இருத்தல் வேண்டும். ஆங்கிலத்தில் எழுதுவோர் சிறு வாக்கியங்களில், என்ன செய்ய வேண்டும், எந்நாளுக்குள், தவறினால் என்ன என்பதை முதல் வரிகளிலேயே எழுத வேண்டும். வேலையைப் பறிக்கும் அறிவித்தலில், எங்கே, எத்தனை மாதத்துள் முறையிடலாம் என்பதும் இருத்தல் வேண்டும்.

போர்த்துக்கேயர் வழிவந்தோர் வாழும் ஊர் எனப் பெயர்பெற்றது வஹகோட்டை. அவர்கள் இன்று பேசுவது சிங்களம். போர்த்துக்கேயம் அவர்தம் நாவிலிருந்து என்றோ மறைந்தது. ஆண்டவனின் மொழியே மறைந்துபோன மண்ணில், ஆண்டவனின் மொழியைக் காட்டி ஏழையின் சோற்றைப் பறிப்பதா?

தொழிலாளத் தோழர்களே! விளங்காத தாளில் கையொப்பமிடாதீர். விளங்காத அறிவித்தலை விளக்கச் சொல்லி அன்றே எழுத்தில் கேளுங்கள். தனியே கேட்கத் தயங்கினால் சங்கமாகக் கேளுங்கள்!