"கினு" தெரிந்தவனுக்கு "இங்" தெரியாதா?

(மூன்றாமாண்டு மாணவன், இயந்திரவியல் துறை)



ஆண்டு மலர் என்றால் நட்பு, காதல், தாய்மை, "கனவு காணுங்கள்" இவற்றைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. நான் இலக்கணம் எழுதப்போகிறேன். உடனே பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள்! நேற்று நடந்துகொண்டிருந்த ஒரு காரியத்தை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது, அதாவது பாஸ்ட் கண்டினியூவஸ் டென்ஸ், அதைப் பற்றித்தான்.

"வாஸ் அல்லது வேர், அதோடு வெர்ப், அதோடு இங்." இந்த ஃபார்முலாவை நம்மில் யாரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவோம். முதலாண்டில் பரீட்சைக்கு எழுதி மார்க்கும் வாங்கியாச்சு. ஆனால் பிராக்டிகல் அன்று வெளியிலிருந்து வரும் எக்ஸாமினர், "டூல் உடைஞ்சப்போ நீ என்னப்பா பண்ணிட்டிருந்தே?" என்று இங்கிலீஷில் கேட்டால் வகுப்பே தரையைப் பார்க்கிறது. ஏன்?

என் கருத்து இதுதான். நமக்கு அந்தக் காலம் தெரியாமல் இல்லை. பிறந்ததிலிருந்து பேசுவதை, புதுசாக வந்த பொருள் மாதிரி கட்டம் போட்டுக் காட்டுவதால்தான் அது அந்நியமாகத் தெரிகிறது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். புத்தகத்தில் "செய்துகொண்டிருந்தேன்". மதுரைப் பக்கத்து நண்பன் "செஞ்சுக்கிட்டிருந்தேன்" என்பான். சினிமாவில் "பண்ணிட்டிருந்தேன்". நம்ம பொன்னேரி, மீஞ்சூர், கும்மிடிப்பூண்டிப் பக்கம்? "செஞ்சிக்கினு இருந்தேன்"! இந்தக் "கினு"வைப் பேசினால் கேலி செய்கிற ஆட்கள் நம் கல்லூரியிலேயே உண்டு. ஆனால் அந்தக் "கினு"தான் இங்கிலீஷ்காரன் வைத்திருக்கும் "இங்". "இருந்தேன்"தான் அவனுடைய "வாஸ்". அவன் வாஸை முன்னாடி வைக்கிறான், நாம் பின்னாடி வைக்கிறோம். அவ்வளவே.

இன்னொரு வேடிக்கை. நம் சிப்காட்டில் வேலை செய்கிற பீகார், ஒடிசா அண்ணன்கள் "காம் கர் ரஹா தா" என்கிறார்கள். அந்த "ரஹா" என்பதும் தங்கியிருப்பது, இருப்பது என்ற சொல்லிலிருந்து வந்ததுதான். ஆக, ஒரு வேலை நடந்துகொண்டிருந்தது என்று சொல்ல மூன்று மொழிக்காரனும் "இரு" என்ற வார்த்தையைத்தான் தேடிப் போகிறான். ஆரம்பாக்கத்திலிருந்து வருகிற என் நண்பன் வீட்டில் தெலுங்கு. "சேஸ்துன்னானு" என்றால் இப்போது செய்வதும் அதுதானாம், அப்போது செய்துகொண்டிருந்ததும் அதுதானாம். "நேத்து" என்று சேர்த்தால்தான் புரியும். அவனுக்கு வாஸ் கொஞ்சம் கஷ்டம் என்றால் நியாயம் இருக்கிறது. நமக்கு என்ன வந்தது? இருந்தேன், இருந்தாய், இருந்தான், இருந்தாள், இருந்தார், இருந்தது, இருந்தோம், இருந்தீர்கள், இருந்தார்கள், இருந்தன என்று பத்தைச் சுமக்கிறோம். வாஸ், வேர் என்ற இரண்டு நமக்குப் பாரமா?

அப்படியானால் எங்கே உதைக்கிறது? இதைத்தான் எந்த நோட்ஸிலும் காணோம். என் கண்ணுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதல் இடம், "போது". "நான் வெல்டிங் பண்ணும்போது கரண்ட் போயிடுச்சு" என்கிறோம். இந்தப் "பண்ணும்போது"வில் காலமே இல்லை! "நேத்து வரும்போது மழை", "தினமும் வரும்போது பார்ப்பேன்", "நாளைக்கு வரும்போது வாங்கிட்டு வா"... மூன்று காலத்துக்கும் ஒரே "வரும்போது". கடைசியில் வருகிற வினைதான் காலத்தைச் சொல்லும். அதுவரை தமிழன் காத்திருப்பான். இங்கிலீஷ்காரனுக்கு அந்தப் பொறுமை கிடையாது. "பண்ணும்போது" என்ற துண்டிலேயே காலத்தைக் கட்டியாக வேண்டும். "வைல் ஐ வாஸ் வெல்டிங், த பவர் வென்ட் ஆஃப்." இது தெரியாமல்தான் நம் ரெக்கார்டு நோட்டுகளில் "வென் ஐ ஆம் வெல்டிங், பவர் வென்ட்" என்று இன்றும் நேற்றும் ஒரே வரியில் இடித்துக்கொள்கின்றன. எழுதியவன் முட்டாள் இல்லை. தமிழ் வாக்கியத்தைச் சரியாகப் பெயர்த்திருக்கிறான். "போது"வுக்குள் காலம் ஒளிந்திருக்கிறது என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

இரண்டாவது இடம், அந்த "இருந்தேன்" ஏமாற்றும் இடம். "வந்திருந்தேன்" வேறு, "வந்துகினு இருந்தேன்" வேறு. முதலாவது வந்து முடிந்தது. இரண்டாவது இன்னும் வழியில். "நான் ஒரு டி.வி.எஸ். ஃபிஃப்டி வெச்சிருந்தேன்" என்பதில் "இருந்தேன்" இருக்கிறது, "கினு" இல்லை. ஆனாலும் நம் ஆட்கள் "ஐ வாஸ் ஹேவிங் எ டி.வி.எஸ்." என்கிறார்கள். இருந்தேன் என்று வந்தாலே வாஸும் இங்கும் என்று மனப்பாடம் செய்ததன் பலன் இது. "ஐ வாஸ் நோயிங்" என்றுகூடக் கேட்டிருக்கிறேன். தமிழில் "எனக்குத் தெரிஞ்சிக்கினு இருந்தது" என்று எந்தத் தமிழனாவது சொல்வானா? இது தமிழ் செய்த கோளாறு இல்லை, ஃபார்முலா செய்த கோளாறு. இதற்கு நேர் எதிராக, "உட்கார்ந்திருந்தேன்", "படுத்திருந்தேன்" என்பதில் நமக்குக் "கினு" வேண்டாம், அவனுக்கு "சிட்டிங்", "லையிங்" என்று வேண்டும். ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினால் தீருகிற விஷயம் இது.

வீரமாமுனிவரை நினைத்துக்கொள்கிறேன். இத்தாலியில் பிறந்தவர். 18ஆம் நூற்றாண்டில் நம் ஊருக்கு வந்து, நம் பேச்சுத் தமிழுக்கே லத்தீன் மொழியில் இலக்கணம் எழுதியவர். தன் மொழியை வைத்து நம் மொழியைப் பிடித்தார். நாம் மட்டும் நம் மொழியை வகுப்புக்கு வெளியே செருப்பு மாதிரி கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டுமாம்!

"இதெல்லாம் எதுக்குப்பா? சிப்காட்ல வேலைக்குப் போனா பேசவா போறோம், இரும்பைத்தானே தூக்கப் போறோம்" என்று ஒரு நண்பர் கேட்டார். அவருக்காகத்தான் மீதி.

2024 அக்டோபர் 11ஆம் தேதி இரவு நம் கவரைப்பேட்டை ஸ்டேஷனில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். மைசூரிலிருந்து தர்பங்கா போகிற பாக்மதி எக்ஸ்பிரஸ், மெயின் லைனில் நேராகப் போக வேண்டியது, லூப் லைனுக்குள் புகுந்தது. அங்கே ஒரு சரக்கு ரயில் நின்றுகொண்டிருந்தது. மோதல். பலர் காயம் அடைந்தார்கள், நல்லவேளை உயிர்ச்சேதம் இல்லை. இந்தச் செய்தியில் இரண்டு வினைகள் இருக்கின்றன பாருங்கள். ஒன்று ஒரு நொடியில் நடந்தது: புகுந்தது. மற்றது அதற்கு முன்னாலிருந்தே நீண்டுகொண்டிருந்தது: நின்றுகொண்டிருந்தது. எந்த விபத்து விசாரணையும் இந்த இரண்டாவதில்தான் ஆரம்பிக்கிறது. எது ஓடிக்கொண்டிருந்தது, எது நின்றுகொண்டிருந்தது, யார் என்ன செய்துகொண்டிருந்தார்? பாஸ்ட் கண்டினியூவஸ் இல்லாமல் விசாரணையே கிடையாது.

தொழிற்சாலையிலும் அப்படியே. தொழிலாளி அடிபட்டால் நஷ்டஈடு உண்டா இல்லையா என்பதை ஒரு சொற்றொடர் தீர்மானிக்கிறது. வேலையின் காரணமாகவும், வேலையின் போக்கிலும் ஏற்பட்ட விபத்தா என்பதே அது. 1897இல் இங்கிலாந்துச் சட்டத்தில் இருந்தது. 1923இல் இந்தியாவின் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்துக்கு வந்தது. 1948இன் இ.எஸ்.ஐ. சட்டத்தில் இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் இருக்கிறது. "வேலையின் போக்கில்" என்றால் என்ன? வேலை செய்துகினு இருந்தப்போ! சட்டம் முழுக்கத் தேடுவது நம்ம "கினு"வைத்தான். தொழிலாளி வேண்டுமென்றே பாதுகாப்பு விதியை மீறினார், தடுப்பைக் கழற்றினார் என்று முதலாளி காட்டிவிட்டால், சாவோ நிரந்தர முழு ஊனமோ ஏற்படாத காயங்களுக்கு 1923 சட்டத்தில் நஷ்டஈடு கிடையாது என்றே இருந்தது. அதனால் அந்த நேரத்தில் மெஷின் ஓடிக்கொண்டிருந்ததா, நின்றிருந்ததா, ஆள் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது காகிதத்தில் எப்படி ஏறுகிறது என்பது சின்ன விஷயம் இல்லை.

எங்கள் வீட்டுக் கதை ஒன்று. என் சித்தப்பா ஒரு ரீ-ரோலிங் மில்லில் கான்ட்ராக்டில் இருந்தார். மில்லின் பெயர் வேண்டாம். ரோலரில் கம்பி சிக்கிக்கொண்டது. மெஷினை நிறுத்திவிட்டு, இடுக்கியை வைத்து அதை எடுத்துக்கொண்டிருந்தார். அவர் இருப்பதைக் கவனிக்காமல் யாரோ சுவிட்சைப் போட்டுவிட்டார்கள். வலது கையில் இரண்டு விரல் போயிற்று. ஆபீஸில் இங்கிலீஷில் ஒரு ரிப்போர்ட் எழுதிப் படித்துக் காட்டாமலே கையெழுத்து கேட்டார்கள். இடது கையால் ரேகை வைத்துவிட்டு வந்தார். அப்போது எங்கள் குடும்பத்தில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. அந்தக் காகிதத்தின் ஜெராக்ஸ் டிரங்குப் பெட்டியில் ரேஷன் கார்டோடு கிடந்தது. இரண்டாமாண்டு படிக்கும்போது எடுத்துப் பார்த்தேன். அதில் இருந்தது இவ்வளவுதான்: "ஹி புட் ஹிஸ் ஹேண்ட் இன் த மெஷின் அண்ட் டூ ஃபிங்கர்ஸ் வேர் கட்."

கையை விட்டார், விரல் போனது. இலக்கணப்படி ஒரு தப்பும் இல்லாத வாக்கியம்! ஆனால் கம்பியை எடுத்துக்கொண்டிருந்தார் என்பது இல்லை. மெஷின் நின்றிருந்தது என்பது இல்லை. சுவிட்சைப் போட்டது யார் என்பதும் இல்லை. சும்மா இருந்த மனுஷன் வேடிக்கைக்குக் கையை விட்ட மாதிரி இருக்கிறது. ஆஸ்பத்திரிச் செலவு கொடுத்தார்கள். அதற்கு மேல் கேட்டபோது, "அவரே கையை விட்டுட்டார்னு அவரே ரேகை வெச்சிருக்காரே" என்று பேச்சை முடித்துவிட்டார்கள். ஒரு வினைச்சொல்லால் மட்டும் அவருக்குப் பணம் கிடைக்காமல் போனது என்று நான் சொல்ல வரவில்லை. கான்ட்ராக்ட், சாட்சி சொல்லப் பயம், கேட்கப் போக ஒரு நாள் கூலி நஷ்டம் என்று எல்லாம் சேர்ந்துதான். ஆனால், "ஹி வாஸ் ரிமூவிங் எ ஜாம்டு ராட். த மெஷின் வாஸ் நாட் ரன்னிங். சம்படி ஸ்டார்ட்டட் இட்" என்ற மூன்று வரி அந்தக் காகிதத்தில் இருந்திருந்தால், "நீங்களே படிச்சுப் பாருங்க சார்" என்று காட்ட ஏதாவது இருந்திருக்கும். சித்தப்பாவிடம் வாசித்து அர்த்தம் சொன்னேன். "நான் அப்படிச் சொல்லலியேடா, எடுத்துக்கினு இருந்தேன்னுதானே சொன்னேன்" என்றார்.

அவர் "கினு" போட்டுத்தான் சொல்லியிருக்கிறார்! எழுதியவர் அதை விட்டுவிட்டார். தெரியாமல் விட்டாரா, தெரிந்தே விட்டாரா, அது எனக்குத் தெரியாது.

நண்பர்களே, நாளைக்கு அந்த ரிப்போர்ட்டை எழுதுகிற நாற்காலியில் உட்காரப்போவது யார்? டிப்ளமோ முடித்து சூப்பர்வைசராகப் போகிற நாம்தானே! இரும்பைத் தூக்குகிறவரும் அவர், ரேகை வைக்கிறவரும் அவர். எழுதுவது நாம். ஷிப்ட் மாறும்போது லாக் புக்கில் எழுதுவதும் நாம்தான். "மோட்டார் ஸ்டாப்டு" என்று எழுதினால் அடுத்த ஷிப்ட்காரனுக்கு என்ன தெரியும்? "மோட்டார் வாஸ் ரன்னிங் ஹாட் சின்ஸ் ஈவ்னிங்" என்று முந்தின ஷிப்ட்காரன் ஒரு வரி எழுதி வைத்திருந்தால் அவன் பேரிங்கைத் தொட்டுப் பார்த்திருப்பான். (இங்கே "ஹேட் பீன் ரன்னிங்" என்றுதான் வர வேண்டும் என்று நம் இங்கிலீஷ் சார் திருத்துவார். வாஸ்தவம். அது அடுத்த பாடம். லாக் புக்கில் வாஸ் போட்டாலே நான் சந்தோஷப்படுவேன்!)

ஆங்கில ஆசிரியர்களைக் குறை சொல்வது என் நோக்கம் இல்லை. அறுபது பேர் வகுப்பு, சிலபஸை முடிக்க வேண்டும், அவர்கள் என்ன செய்வார்கள்? ஆனால் "ஐ வாஸ் ஈட்டிங் எ மேங்கோ வென் மை அங்கிள் கேம்" என்ற உதாரணத்தை மாற்ற சிலபஸ் கமிட்டி கூட வேண்டியதில்லை. மாமா வந்தபோது மாம்பழம் தின்றதைப் பற்றி எந்த எக்ஸாமினரும் கேட்கப்போவதில்லை. "ஐ வாஸ் டர்னிங் எ ஷாஃப்ட் வென் த டூல் ப்ரோக்" என்று லேத்தைப் பார்த்தபடி சொன்னால் அது மண்டையில் நிற்கும். இங்கிலீஷை இங்கிலீஷிலேயேதான் கற்க வேண்டும், தமிழ் கலந்தால் கெட்டுவிடும் என்பவர்கள் இருக்கிறார்கள். கான்வென்டில் படித்து, வீட்டிலும் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது சரியாக இருக்கலாம். ஏழாம் வகுப்போடு நின்ற அப்பாவுக்கும், படிக்காத அம்மாவுக்கும் பிறந்து, டிப்ளமோ வரை வந்திருக்கிற நம்மைப் போன்றவர்களுக்கு வீட்டிலிருந்து கிடைத்த ஒரே மூலதனம் தமிழ்தான். அதைப் போட்டுத்தான் தொழில் தொடங்க முடியும்.

மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். வாரம் ஒரு நாள், கடைசி மணி அடித்த பிறகு, கும்மிடிப்பூண்டி லோக்கல் வருவதற்குள் நமக்கு முக்கால் மணி நேரம் கிடைக்கிறது. ஒர்க் ஷாப் திண்ணை போதும். முதலாண்டுத் தம்பி தங்கைகள் வரட்டும். அன்று பட்டறையில் நடந்ததை ஆளுக்கு ஒன்றாக முதலில் நம்ம பாஷையில் சொல்லட்டும். "கினு" வருகிற இடத்தில் எல்லாரும் கை தட்டுவோம். அந்த இடத்தில் வாஸும் இங்கும் போட்டு இங்கிலீஷில் திருப்பிச் சொல்லட்டும். "போது" வந்தால் நிறுத்தி, எந்தக் காலம் என்று கேட்போம். விபத்து ரிப்போர்ட் படிவம் ஒன்றை வாங்கி ஜெராக்ஸ் எடுத்து ஆளுக்கு ஒன்று கொடுப்போம். ஜெராக்ஸ் செலவு என்னுடையது. சித்தப்பாவும் ஒரு நாள் வந்து, நடந்ததைத் தன் வாயால் சொல்ல ஒப்புக்கொண்டிருக்கிறார். அவர் சொல்லச் சொல்ல நாம் எழுத வேண்டும்.