கல்லாகிப்போன குதிரைப் பல், சுருள் ஓடு: கண்ணில் பட்டால் எடுக்கலாமா?

உத்திரமேரூர் என்றதும் குடவோலைக் கல்வெட்டுதான் நினைவுக்கு வரும். அதன் வயது சுமார் 1,100 ஆண்டுகள். அதே காஞ்சிபுரம் மாவட்டத்தில், ஸ்ரீபெரும்புதூர் பகுதிப் பாறைகளில் 10 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய செடிகளின் தடங்களும், அம்மோனைட் என்ற கடல் உயிரியின் எச்சங்களும் கிடைத்துள்ளன. இப்படி ஒன்று கண்ணில் பட்டால், 'சும்மா கிடக்கிற கல்தானே' என்று பையில் போட்டுக்கொள்ளலாமா?

அம்மோனைட் என்றால் என்ன?

கணவாய்க்கும் ஆக்டோபஸுக்கும் உறவுக்கார உயிரி. சுருள் ஓட்டுக்குள் வாழ்ந்தது; 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்களோடு சேர்ந்து அழிந்துபோனது. நம்மூர் பூஜை அறைகளில் இருக்கும் சாளக்கிராமங்களில் பல, நேபாளத்தின் கண்டகி ஆற்றில் கிடைக்கும் அம்மோனைட்கள்தான். தமிழ்நாட்டில் இவை அதிகம் கிடைப்பது, ஒரு காலத்தில் கடலாக இருந்த அரியலூர், பெரம்பலூர் பகுதிகளில். அம்மோனைட் இனங்கள் வேகமாக மாறிக்கொண்டே இருந்தன. அதனால், எந்த அடுக்கில் எந்த இனம் இருக்கிறது என்று பார்த்தே பாறையின் வயதைக் கணிக்கிறார்கள்.

குதிரைப் பல் எங்கே கிடைத்தது?

திருவள்ளூர் மாவட்டம் அத்திரம்பாக்கத்தில். 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கருவிகளைக் கண்டெடுத்த இடம் இது. 1999 முதல் சாந்தி பப்பு குழுவினர் நடத்திய அகழாய்வில் விலங்குகளின் பல் எச்சங்கள் மூன்று கிடைத்தன. ஒன்று குதிரை இனத்துடையது. மற்றவை மாட்டினத்தையும், மான் போன்ற விலங்கையும் சேர்ந்தவை. எலும்பு மட்கினாலும், கடினமான எனாமல் உள்ள பல் நிலைத்து நிற்கும். இந்த மூன்று பற்களை வைத்தே, அங்கே அன்று நீர்வளமுள்ள திறந்த வெளி இருந்திருக்கும் என்று ஊகிக்க முடிந்தது. அங்குள்ள கற்கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என 2011இல் 'சயின்ஸ்' இதழ் வெளியிட்ட ஆய்வு சொன்னது.

எடுத்தால் என்ன நஷ்டம்?

எந்த அடுக்கில், எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் கிடந்தது என்ற விவரம் போய்விடும். அது போனால் அந்தப் பல் வெறும் பல்தான். அதே பல்லை யாராவது அலமாரியில் வைத்திருந்தால், மேலே சொன்ன எதையும் அதிலிருந்து சொல்லியிருக்க முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது?

1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் முதன்மையாக மனிதர் செய்த பழம்பொருட்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. புதைபடிவங்களுக்கும் அவை உள்ள இடங்களுக்கும் பாதுகாப்பு தர, மத்திய சுரங்க அமைச்சகம் 2022 டிசம்பரில் தனியாக ஒரு மசோதா வரைவை மக்கள் கருத்துக்கு வெளியிட்டது.

அப்படியானால் என்ன செய்யலாம்?

தோண்ட வேண்டாம், கழுவ வேண்டாம். பக்கத்தில் ஒரு நாணயமோ பேனாவோ வைத்து, இருக்கும் இடத்திலேயே போட்டோ எடுங்கள். மேப்பில் இடத்தைக் குறித்துக்கொண்டு, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்கோ பல்கலைக்கழகப் புவியியல் துறைக்கோ அனுப்புங்கள். பக்கத்தில் கற்கருவி மாதிரி ஏதாவது இருந்தால் மாநிலத் தொல்லியல் துறைக்கும் சொல்லுங்கள். கையில் எடுத்துப் பார்க்கும் ஆசையைக் கொஞ்சம் அடக்கினால் போதும். அந்தக் கல் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடும்.