பாறைக்கு ஆய்வுக்கூடம், பிள்ளைகளுக்குப் புழுதியா?

கோலார் தங்க வயலின் 13 கழிவுமண் குன்றுகளைத் தோண்டும் ஒன்றிய அரசின் திட்டத்துக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை இசைவளித்தது. 1,003 ஏக்கரில் குவிந்து கிடக்கும் ஏறத்தாழ 3.3 கோடி டன் மண்ணில் தங்கம் எஞ்சியிருக்கிறதாம். அம்மண்ணின் அடிவாரத்தில் வாழும் குழந்தைகளின் நுரையீரல் எந்நிலையில் இருக்கிறது என்பதை அறிந்துகொண்டுதான் ஆட்சியாளர்கள் இதற்குப் புறப்படுகிறார்களா?

ஆராய்ச்சி தங்க வயலுக்குப் புதிதன்று. 1965இல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவன விஞ்ஞானிகள் இச்சுரங்கத்தில், இரண்டு கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், நியூட்ரினோ துகள்களின் தடத்தைக் கண்டனர். 1988இல் தேசியப் பாறை இயந்திரவியல் நிறுவனம் இங்கே தொடங்கப்பட்டது. 1940 முதல் 1946 வரை ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களைப் பரிசோதித்தபோது, நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் சிலிகோசிஸ் நோய் இருப்பது தெரியவந்தது. ஆனால் அந்தக் கணக்கு கம்பெனிப் பதிவேட்டில் பெயர் உள்ளவர்களோடு முடிந்தது. லைன் வீட்டில் அதே காற்றைச் சுவாசித்த பிள்ளைகளுக்குப் பதிவேடு ஏது?

மக்கள் இக்குன்றுகளைச் ‘சயனைடு மலை’ என்கின்றனர். சயனைடு வெயிலிலும் காற்றிலும் காலப்போக்கில் சிதையக்கூடும். பொடித்த பாறையின் சிலிக்கா சிதைவதில்லை. கோடைக்காற்றில் அது வீட்டுக்குள்ளும் பள்ளிக்குள்ளும் புகுகிறது. உடல் எடையோடு ஒப்பிட்டால் குழந்தை பெரியவரைவிட மிகுதியாகக் காற்றை உள்ளிழுக்கிறது. அதன் நுரையீரலோ இன்னும் வளர்ந்துகொண்டிருப்பது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. கம்பெனி மருத்துவமனையும் கைவிடப்பட்டது. பெற்றோர் விடியலில் ரயிலேறிப் பெங்களூருக்குப் பிழைக்கச் செல்கின்றனர். புழுதியோடு எஞ்சுவோர் குழந்தைகளும் முதியோருமே.

ஆய்வு, தணிக்கை என்று பேசினால் வரவிருக்கும் வேலைவாய்ப்பு தடைபடும் என்பர் சிலர். வேலை வேண்டாம் என்று எந்தத் தொழிலாளியும் சொல்லவில்லை. தோண்டுவதற்கு முன் குழந்தைகளின் உடல்நிலை பதிவு செய்யப்படாவிட்டால், நாளை இருமல் பெருகும்போது ஒப்பந்ததாரர் என்ன சொல்வார்? “இது எங்களுக்கு முன்பே இருந்த நோய்” என்று கைகழுவுவார். அதை மறுக்கத் தாயின் கையில் ஒரு துண்டுத்தாளும் இராது. முன்னாய்வு இல்லாமை முதலாளிக்குக் கிடைக்கும் இலவசக் காப்பீடு.

ஆகவே, முதல் மண்வெட்டி விழுமுன் தங்க வயலின் பள்ளிகள், அங்கன்வாடிகள் அனைத்திலும் குழந்தைகளின் மூச்சுத்திறன், எடை, உயரம், இரத்தம் ஆகியவற்றை அரசு பரிசோதிக்க வேண்டும். தெருக்காற்றில் சிலிக்காவின் அளவைத் தொடர்ந்து அளக்க வேண்டும். பரிசோதனை ஆண்டுதோறும் தொடர்ந்து, அதன் முடிவுகள் தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். செலவை ஏலம் எடுப்பவரிடமே வசூலிக்க வேண்டும். ஆய்வை அவர் கையில் ஒப்படைக்கக் கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தொழில்சார் நலவாழ்வு மையம் பெங்களூரில்தான் இருக்கிறது. அங்கிருந்து தங்க வயல் சுமார் 100 கிலோமீட்டர்.

நியூட்ரினோவைத் தேடிப் பாதாளம்வரை இறங்கிய நாட்டுக்கு, ஒரு குழந்தையின் மூச்சை அளப்பது இயலாத காரியமன்று. மனமில்லை என்பதே உண்மை. அந்த மனத்தை வரவழைப்பது மக்கள் போராட்டத்தின் கடமை.