இயந்திரமும் நிறம் பார்க்கிறது!



மனிதன் பாரபட்சம் காட்டுவான், இயந்திரம் காட்டாது என்றுதான் நாம் நம்பிக் கொண்டிருக்கிறோம். தராசுக்கு ஏழை, பணக்காரன் தெரியுமா? கணிப்பொறிக்குக் கறுப்பு, வெள்ளை தெரியுமா? தெரியாது என்பீர்கள். தெரியும் என்று ஆதாரத்தோடு நிரூபித்திருக்கிறார் ஒரு மாணவி.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் பயின்றவர் ஜாய் புவோலம்வினி. கானா நாட்டு வம்சாவளியில் வந்த கறுப்பினப் பெண். முகத்தைக் கண்டறியும் மென்பொருள் ஒன்றின் முன் அவர் அமர்ந்தபோது, அவர் முகத்தை அது முகமாகவே ஏற்கவில்லை. வெள்ளை முகமூடி ஒன்றை எடுத்து அணிந்தார். உடனே கண்டு கொண்டது! உயிருள்ள கறுப்பு முகம் தெரியாத இயந்திரத்துக்கு, உயிரற்ற வெள்ளை முகமூடி தெரிந்தது.

இந்த அவமானத்தை அவர் புலம்பித் தீர்க்கவில்லை, கணக்கெடுத்தார். ஆப்பிரிக்க நாடுகள் மூன்று, ஐரோப்பிய நாடுகள் மூன்று ஆகியவற்றின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் 1,270 பேரின் படங்களைத் திரட்டினார். ஐ.பி.எம்., மைக்ரோசாப்ட், சீன நிறுவனம் ஒன்று ஆகியவற்றின் மென்பொருள்களிடம் கொடுத்து, ஆணா பெண்ணா என்று கேட்டார். வெளிர் நிற ஆண்கள் விஷயத்தில் பிழை நூற்றுக்கு ஒன்றைக்கூட எட்டவில்லை. கருநிறப் பெண்கள் விஷயத்திலோ பிழை 34.7 சதவீதம் வரை போனது! டிம்னிட் கெப்ரு என்ற ஆய்வாளருடன் சேர்ந்து 2018ல் இதை வெளியிட்டார்.

இயந்திரத்துக்கு என்ன வஞ்சம்? ஒன்றுமில்லை. காட்டிய படங்களைப் பார்த்துத்தான் அது பாடம் படிக்கிறது. அந்தப் பாடத்தைச் சோதிக்க அன்று பயன்பட்ட இரண்டு படத் தொகுப்புகளில், வெளிர் நிறத்தவர் ஒன்றில் 79.6 சதவீதம், மற்றொன்றில் 86.2 சதவீதம். வெள்ளை முகங்களை வைத்தே பெரும்பாலும் தேர்வு நடத்தி, தேறிவிட்டது என்று சான்றிதழும் கொடுத்து விட்டார்கள்!

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 2018ல் டெட்ராய்ட் நகரக் கடை ஒன்றில் கைக்கடிகாரங்கள் களவு போயின. கண்காணிப்புக் கேமராவின் மங்கலான படத்துக்கு, மென்பொருள் ஒரு கறுப்பின மனிதரின் பழைய ஓட்டுநர் உரிமப் படத்தைப் பொருத்திக் காட்டியது. 2020 ஜனவரியில் மனைவி, இரண்டு மகள்கள் கண்ணெதிரே அவருக்கு விலங்கு மாட்டப்பட்டது. சுமார் 30 மணி நேரம் காவலில் கிடந்தார். அவர் குற்றமற்றவர்! நான்கு ஆண்டுகள் கழித்து, 2024 ஜூனில், 3 லட்சம் டாலர் இழப்பீடு வழங்க ஒப்பந்தமானது. மென்பொருள் காட்டிய முகத்தை மட்டுமே வைத்து இனி யாரையும் கைது செய்வதில்லை என்று காவல்துறையும் ஒப்புக் கொண்டது. மகள்கள் கண்ட காட்சிக்கு எந்த டாலர் ஈடாகும்?

வணிகப் பெருமக்களுக்கு ஒரு செய்தி. கோடக் நிறுவனத்தின் வண்ணப் படச்சுருளும் ஒரு காலத்தில் வெள்ளைப் பெண்ணின் படத்தை அளவுகோலாக வைத்தே சரிபார்க்கப்பட்டது. கறுப்பினக் குழந்தைகளின் முகம் பள்ளிப் படங்களில் இருண்டு கிடந்தது. படச்சுருள் திருந்தத் தூண்டுகோலானது எது தெரியுமா? சாக்லேட் நிறமும் மரச்சாமான் நிறமும் சரியாக விழவில்லை என்று வியாபாரிகள் தொடுத்த புகார்! காசு கொடுப்பவன் கேள்வி கேட்டால் கம்பெனி காது கொடுக்கும்.

மாணவியின் கணக்குக்கும் பலன் கிடைத்தது. ஐ.பி.எம்.மும் மைக்ரோசாப்டும் மென்பொருளைத் திருத்தின. 2020ல் ஜார்ஜ் பிளாய்ட் கொலைக்குப் பின் போராட்டம் வெடித்தபோது, பொதுவான முகமறி மென்பொருள் விற்பனையிலிருந்தே ஐ.பி.எம். விலகியது. தனது மென்பொருளைக் காவல்துறை பயன்படுத்த அமேசான் தடை போட்டது. வீதியில் எழுந்த குரலுக்கு, ஏட்டில் ஏற்கனவே எழுதி வைத்த கணக்கு கைகொடுத்தது.

இளைஞர்களே! அநீதியைக் கண்டு கொதிப்பது மட்டும் போதுமா? எங்கே, எப்போது, எத்தனை பேருக்கு என்று குறித்து வையுங்கள், எண்ணி எழுதுங்கள். ஆத்திரத்தை அலட்சியப்படுத்துகிறவர்கள்கூட கணக்குக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

வணிகர்களே! உங்கள் கடைக் கேமரா காட்டும் முகம் ஒரு துப்புதான்; தீர்ப்பு அல்ல. ஒருவரைத் திருடன் என்று கைகாட்டும் முன் தீர விசாரியுங்கள். அந்த முகத்துக்குப் பின்னால் ஒரு குடும்பம் இருக்கிறது!