மாஸ்க் யாருக்காகப் போட்டோம்?

போலீஸ் செய்தி எழுதுகிறவர்களுக்கு "முகமூடி" என்றால் ஒரே அர்த்தம்தான். "முகமூடி அணிந்த மர்ம ஆசாமிகள் கடைக்குள் புகுந்து கத்தியைக் காட்டி மிரட்டினர்" என்று எழுதிப் பழக்கம். 2020-ம் ஆண்டில் அது தலைகீழாக மாறிவிட்டது. முகத்தை மூடாமல் கடைக்குள் வந்தவர் குற்றவாளி; மூடிக்கொண்டு வந்தவர் யோக்கியர்!

இப்போது அந்த உத்தரவு இல்லை. அபராதம் இல்லை. கொரோனா அவசரநிலை முடிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5-ந்தேதி அறிவித்துவிட்டது. கடை வாசலில் ஒட்டிய நோட்டீசுகளும் கிழிந்து போய்விட்டன.

ஆனாலும் ஒரு கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். கடைக்குள் போகும்போது ஜனங்கள் யாருக்காக மாஸ்க் போட்டார்கள்? நோய்க்குப் பயந்தா, அபராதத்துக்குப் பயந்தா, எதிரே நின்ற கடைக்காரரை நினைத்தா?

உள்ளதைச் சொன்னால், பாதிப் பேருக்கு மேல் ரசீது புத்தகத்துக்குப் பயந்துதான் போட்டார்கள். கடைக்காரரை நினைத்துப் போட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். கோளாறு அங்கேதான் இருக்கிறது.

இருநூறு, ஐந்நூறு, ஐயாயிரம்

தமிழ்நாட்டில் முதல் கொரோனா நோயாளி 2020 மார்ச் 7-ந்தேதி கண்டுபிடிக்கப்பட்டார். அடுத்த மாதமே, வெளியே வந்தால் முகக்கவசம் கட்டாயம் என்று சென்னை மாநகராட்சி உத்தரவு போட்டது. செப்டம்பரில், 1939-ம் ஆண்டின் பொது சுகாதாரச் சட்டத்தையே அரசு திருத்தியது. மாஸ்க் போடாவிட்டால் 200 ரூபாய், பொது இடத்தில் துப்பினால் 500 ரூபாய், விதியை மீறும் கடைக்கு 5 ஆயிரம் ரூபாய் என்று பட்டியல் வந்தது. 2022 ஜனவரியில் 200 ரூபாய் 500 ரூபாயாக உயர்ந்தது. ஏப்ரல் தொடக்கத்தில் தளர்த்தினார்கள். அந்த மாதமே நோய் தலைதூக்கியதும் மறுபடி 500 ரூபாய் என்றார்கள்.

அபராதம் தேவையில்லை என்று நாம் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்சுகள் வரிசை கட்டி நின்ற நேரத்தில் கண்டிப்பு வேண்டியதுதான். தமிழ்நாட்டில் ஒரே நாளில், 2021 மே 21-ந்தேதி, 36 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு நோய் உறுதியானது. அரசுக் கணக்குப்படியே 38 ஆயிரம் பேருக்கு மேல் இந்த நோய்க்குப் பலியாகி இருக்கிறார்கள். இது விளையாட்டு அல்ல.

ஆனால் அபராதம் என்ன கற்றுக்கொடுத்தது? அதிகாரியைக் கண்டால் மாஸ்க்கை மேலே இழுக்கக் கற்றுக்கொடுத்தது. தலையில் ஹெல்மெட் இல்லாதவன் சிக்னலில் போலீஸ்காரரைப் பார்த்ததும் டாங்கில் இருந்து எடுத்து மாட்டுவானே, அந்த மாதிரி!

தாடைக்கு எதற்கு மாஸ்க்?

சென்னை நகரில் மாஸ்க் எங்கெல்லாம் இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். தாடையில் இருந்தது. ஒரு காதில் தொங்கியது. சட்டைப்பையில் இருந்தது. பைக் கண்ணாடியில் ஆடியது. வாயை மூடி மூக்கைத் திறந்து விட்டவர்கள் எத்தனை பேர்!

இன்னொரு வேடிக்கை. கடைக்குள் வரும்போது ஒழுங்காகப் போட்டிருப்பார். "ஒரு கிலோ துவரம்பருப்பு" என்று கேட்கும்போது கீழே இறக்குவார். பேசுகிறபோதுதானே எச்சில் தெறிக்கும்? தும்மல் வந்தால், மாஸ்க் நனைந்துவிடும் என்று அதைக் கழற்றிவிட்டுத் தும்மியவர்களும் உண்டு.

கேட்டால் என்ன சொன்னார்கள்? "எனக்கெல்லாம் வராது சார்." "வர்றது வந்துதான் தீரும்." "மூச்சு முட்டுதுங்க." இந்த மூன்றுக்கும் ஒரே அடிப்படைதான். மாஸ்க் என்பது தன்னை மட்டும் காப்பாற்றிக்கொள்ளும் பொருள் என்ற நினைப்பு. தனக்குப் பயம் இல்லையென்றால் மாஸ்க் எதற்கு என்று கேட்டார்கள்.

இங்கேதான் விஷயம் தெரியாமல் போயிற்று. இந்த நோய் பிடித்தவருக்குக் காய்ச்சல் வருவதற்கு இரண்டு நாள் முன்பே அவர் மூச்சில் கிருமி வெளியே வரும். ஆள் நன்றாக இருப்பார். கடைக்கு வருவார். சிரித்துப் பேசுவார். அவருக்கே தெரியாமல் கொடுத்துவிட்டுப் போவார். அவர் முகத்தில் இருக்கும் துணி, அவரைக் காப்பதைவிட எதிரே நிற்பவரைக் காப்பதற்காகத்தான் முக்கியம்.

கல்லாவில் நிற்பவர் கணக்கு

எதிரே நிற்பவர் யார்? மளிகைக்கடைப் பையன். மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கும் பெண். ஜவுளிக்கடையில் புடவை விரித்துப் போடும் சிப்பந்தி. ரேஷன் கடை ஊழியர்.

நீங்கள் கடையில் இருப்பது ஐந்து நிமிடம். அவர் இருப்பது பத்து மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம். ஒரு நாளைக்கு 200 பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு ஒரு கடைக்காரர் முகம். அவருக்கு 200 முகம். உங்கள் ஒருவர் மாஸ்க் தாடையில் இருந்தால் உங்களுக்கு அது சின்ன விஷயம். 200 பேரில் 50 பேர் அப்படி வந்தால் அவருக்கு அது உயிர்ப் பிரச்சினை.

அதிலும் ஏ.சி. போட்டு, கதவைச் சாத்திய கடை என்றால் இன்னும் மோசம். மூச்சில் வரும் நுண்துளிகள் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே மிதக்கும். ரோட்டோரக் கடையிலாவது காற்று அடித்துக்கொண்டு போகும்.

நாள் முழுக்க நின்று வேலை செய்யும் கடைச் சிப்பந்திகள் உட்கார நாற்காலி போட வேண்டும் என்று 2021-ம் ஆண்டு செப்டம்பரில் தமிழ்நாட்டில் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. அவர்கள் கால் வலியே அதுவரை யார் கண்ணிலும் படவில்லை. அவர்கள் மூச்சை யார் நினைத்தார்கள்?

இதில் இன்னொரு கொடுமை. மாஸ்க் போடாத ஆளை உள்ளே விட்டால் கடைக்கு 5 ஆயிரம் ரூபாய் அபராதம். ஆகவே போலீஸ் வேலையும் அந்தப் பையன் தலையில் விழுந்தது. "சார், மாஸ்க் போட்டுக்குங்க சார்" என்று அவன் கெஞ்ச வேண்டும். "நீ யாருடா கேக்கறதுக்கு? பக்கத்துக் கடையில கேக்கலியே!" என்று வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். விட்டால் அபராதம், விரட்டினால் வியாபாரம் போச்சு. மாதச் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் பையன் என்னதான் செய்வான்?

கோயம்பேடு போதாதா?

வியாபார இடத்தில் நோய் புகுந்தால் என்ன ஆகும் என்று சென்னைக்குத் தெரியும். 2020 மே மாதம் கோயம்பேடு மார்க்கெட்டைப் பூட்ட வேண்டி வந்தது. காய்கறி வியாபாரம் திருமழிசைக்குப் போனது. மார்க்கெட்டில் வேலை செய்தவர்கள் ஊர் திரும்பியதும் கடலூர், விழுப்புரம், அரியலூர் என்று பல மாவட்டங்களிலும் நோயாளிகள் எண்ணிக்கை எகிறியது. மார்க்கெட்டில் மறுபடி காய்கறி மொத்த வியாபாரம் தொடங்க செப்டம்பர் கடைசி ஆகிவிட்டது.

அதே ஆண்டு அக்டோபர். தீபாவளி நெருங்குகிறது. தியாகராய நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் கூட்டம் முண்டியடித்த காட்சி வீடியோவில் பரவியது. மாநகராட்சி அதிகாரிகள் போய்ச் சீல் வைத்தார்கள். 2021 ஜூலை 31 முதல் ஆகஸ்டு 9 வரை ரங்கநாதன் தெரு உள்பட நகரின் நெரிசல் மிகுந்த 9 இடங்களில் கடைகளையே அடைக்கச் சொன்னார்கள். நஷ்டம் யாருக்கு? முதலாளிக்கும் நஷ்டம், அதைவிட, அன்றாடச் சம்பளத்துக்கு நின்றவனுக்குப் பெரிய நஷ்டம்.

சரி, ஜனங்கள் மட்டுமா குற்றவாளிகள்? 2021 ஏப்ரல் 6-ந்தேதி சட்டசபைத் தேர்தல். அதற்கு முந்திய வாரங்களில் எல்லாக் கட்சிக் கூட்டங்களிலும் ஆயிரக்கணக்கானவர்கள் தோளோடு தோள் இடித்து நின்றார்கள். எத்தனை முகத்தில் மாஸ்க் இருந்தது? மேடைக்கு ரசீது புத்தகம் போகவில்லை, பெட்டிக்கடைக்குப் போனது. பார்க்கிற ஜனங்கள் என்ன நினைப்பார்கள்? "பெரிய மனுஷங்களுக்கு வராத வியாதி நமக்கு மட்டும் வருமா?" என்றுதான் நினைப்பார்கள்.

வெளிநாட்டிலும் இதே கதை

நம் ஜனங்களை மட்டும் குறை சொல்லவும் கூடாது. 1918-ம் ஆண்டு விஷக்காய்ச்சலின்போது அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ நகரில் மாஸ்க் கட்டாயம் என்று சட்டம் போட்டு, மீறியவர்களைக் கைது செய்து அபராதமும் விதித்தார்கள். நவம்பர் 21-ந்தேதி சங்கு ஊதியதும் ஜனங்கள் மாஸ்க்கைக் கழற்றித் தெருவில் வீசினார்கள். நோய் திரும்பி வந்தது. 1919 ஜனவரியில் மறுபடி உத்தரவு போட்டபோது மாஸ்க்கை எதிர்க்க ஒரு சங்கமே கிளம்பிவிட்டது! அபராதத்துக்குப் போட்ட மாஸ்க் எந்த ஊரிலும் நிலைக்கவில்லை.

அப்படியானால் எது நிலைக்கும்? வங்கதேசத்தில் 2020 நவம்பர் முதல் 600 கிராமங்களில் பெரிய ஆராய்ச்சி ஒன்று நடந்தது. பாதி கிராமங்களில் வீட்டுக்கு வீடு மாஸ்க்கை இலவசமாகக் கொடுத்தார்கள். எதற்கு என்று விளக்கினார்கள். ஊர்ப் பெரியவர்களையும் இமாம்களையும் முதலில் போட வைத்தார்கள். மார்க்கெட்டிலும் மசூதியிலும் ஆள் நிறுத்தி, போடாதவரைப் பக்குவமாகக் கேட்டு, கையில் ஒரு மாஸ்க்கும் கொடுத்தார்கள். அபராதம் இல்லை, அதட்டல் இல்லை.

பலன் என்ன? மற்ற கிராமங்களில் 100-க்கு 13 பேர் ஒழுங்காக மாஸ்க் போட்டார்கள். இந்தக் கிராமங்களில் 42 பேர் போட்டார்கள். ஆஸ்பத்திரியில் போடும் சர்ஜிக்கல் மாஸ்க் கொடுத்த ஊர்களில், அறிகுறியோடு வந்த கொரோனா 100-க்கு 11 என்ற கணக்கில் குறைந்தது. 60 வயது தாண்டியவர்களுக்கு 35 குறைந்தது. பாதிப் பேர்கூடப் போடாத நிலையிலேயே இந்தப் பலன்!

மாஸ்க் மந்திரத் தாயத்து அல்ல. போட்டால் நோயே வராது என்று சொன்னால் அது பொய். துணி மாஸ்க் ஓரளவுதான் தடுக்கும், சர்ஜிக்கல் மாஸ்க் அதைவிட மேல், முகத்தோடு ஒட்டிய என்-95 இன்னும் மேல். ஆனால் "ஒன்றுக்கும் உதவாத துணி" என்று சொல்வதும் பொய்தான்.

கஷ்டப்பட்டவர்களும் உண்டு. மூட்டை தூக்குகிறவர் நூறு கிலோவை முதுகில் வைத்துக்கொண்டு மாஸ்க்குக்குள் மூச்சு விட முடியாது. உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் காது கேளாதவர்கள் தவித்தார்கள். கண்ணாடி போட்டவர்களுக்குப் பனி மூடிய மாதிரி ஆனது. அவர்களுக்குச் சலுகை கொடுக்க வேண்டியதுதான். அவர்கள் கஷ்டத்தைக் காட்டி, ஒரு கஷ்டமும் இல்லாதவர் தப்பிக்கக் கூடாது.

இனி என்ன செய்யலாம்?

அடுத்த தொற்று எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வராமலே போகும் என்றும் சொல்ல முடியாது. அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. காற்றில் பரவும் காசநோய் உலகத்திலேயே அதிகம் இருப்பது நம் நாட்டில்தான். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் நகரம் முழுக்க இருமல், சளி, காய்ச்சல்.

ஆகவே மாநகராட்சிக்கு ஒரு வார்த்தை. இன்னொரு முறை இப்படி ஒரு நிலைமை வந்தால், ரசீது புத்தகத்தோடு மாஸ்க் கட்டையும் கொண்டுவாருங்கள். 2020-ல் ரேஷன் கடை மூலம் தலைக்கு இரண்டு துணி மாஸ்க் இலவசமாகக் கொடுத்த அரசுக்கு, நெரிசலான கடைத்தெருவில் ஆள் நிறுத்தி மாஸ்க் கொடுப்பது முடியாத காரியம் அல்ல. வாடிக்கையாளரைத் தடுக்கும் வேலையைக் கடைப் பையன் தலையில் கட்டாதீர்கள். சட்டம் மேடைக்கும் பெட்டிக்கடைக்கும் ஒன்றாக இருக்கட்டும்.

கடை முதலாளிகளுக்கு ஒரு வார்த்தை. சிப்பந்திக்கு மாஸ்க் வாங்கிக் கொடுப்பது தர்மம் அல்ல, கடமை. இருமுகிற ஆளைச் சம்பளம் பிடிக்காமல் வீட்டுக்கு அனுப்புங்கள். ஒரு நாள் சம்பளத்தை மிச்சம் பிடிக்கப் போய்க் கடையையே பத்து நாள் மூடியவர்கள் இந்த நகரத்தில் உண்டு. கடையில் ஜன்னல் இருந்தால் திறந்து வையுங்கள்.

வாசகர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஆபீஸ் முடிந்து, பஸ் பிடித்து, வீட்டுக்குப் போகிற வழியில் கடையில் நிற்கிறீர்கள். உங்களுக்கு இருமல் இருக்கிறதா? மருந்துக்கடையில் சில ரூபாய்க்கு மாஸ்க் கிடைக்கும். வாங்கிப் போட்டுக்கொண்டு பிறகு சாமான் கேளுங்கள். இன்னொருவர் போட்டிருந்தால் "என்ன, இன்னும் கொரோனா போகலியா?" என்று கிண்டல் செய்யாதீர்கள். அவர் வீட்டில் புற்றுநோய் சிகிச்சை எடுக்கும் அம்மா இருக்கலாம். பிறந்து பத்து நாளான குழந்தை இருக்கலாம்.

ஊரடங்கில் எல்லாக் கதவும் சாத்தியிருந்தபோது அரிசியும் பாலும் மருந்தும் தடையில்லாமல் கிடைத்தனவே, எப்படி? கல்லாவுக்குப் பின்னால் ஒருவர் பயத்தை விழுங்கிக்கொண்டு நின்றார். அந்த மனிதர் இன்றைக்கும் அதே இடத்தில்தான் நிற்கிறார். அவர் எதிரே போய் இருமும்போது முகத்தை மூடிக்கொள்ள ஒரு உத்தரவா வேண்டும்?