அழைப்பாரின்றி நிற்போர்

“என்ன வேலை பார்க்கிறீர்கள்?” திருமண வீட்டிலும் ஆலய முற்றத்திலும் இக்கேள்விக்கு அஞ்சி ஒதுங்கி நிற்கும் பிள்ளைகளை நாம் அறிவோம். 2017ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் மாவட்டச் செயலகத்தின் முன்பாக வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் அமர்ந்திருந்தனர். சம்பளத்தோடு சமூகத்தில் தமக்கோர் இடத்தையும் அவர்கள் தேடினர்.

நாசரேத்து மக்களும் இயேசுவைத் தொழிலைக் கொண்டே அளந்தனர். தச்சராக அவரை அறிந்திருந்தமையால் அவரது ஞானத்தை ஏற்க மறுத்தனர் (மாற்கு 6). தந்தையோ, அவர் ஒரு புதுமையும் செய்யுமுன்னரே, யோர்தானில் அவரைத் தம் அன்பு மகனாக அறிவித்தார்.

திராட்சைத் தோட்ட உவமையில் (மத்தேயு 20) மாலை ஐந்து மணிவரை சந்தைவெளியில் நின்றோர் சோம்பேறிகள் அல்லர். அவர்களை எவரும் அழைக்கவில்லை. உரிமையாளர் அவர்களுக்கும் முழுநாட் கூலியையே கொடுத்தார். வேலை குறைந்த வீட்டில் பசி குறைவதில்லை அல்லவா?

புனித இரண்டாம் அருளப்பர் சின்னப்பர், மனித உழைப்பைப் பற்றி 1981இல் வெளியிட்ட சுற்றுமடலில், உழைப்பு மனிதனுக்காகவே உள்ளது என்று கற்பித்தார். வேலையின்மை ஒரு தீமை என்றும், வேலையற்றோரின் வாழ்வுக்கு உதவுவது சமூகத்தின் கடமை என்றும் அவர் வலியுறுத்தினார்.

வேலை தேடும் அன்பரே, நியமனக் கடிதம் உமக்கு வருமானத்தைத் தரலாம். உமது மாண்பை இறைவன் முன்னரே தந்துவிட்டார். வேலையில் இருக்கும் அன்பர்களே, அடுத்த முறை அப்பிள்ளையைக் காணும்போது முதலில் நலம் விசாரியுங்கள். எங்கேனும் வெற்றிடம் இருப்பதை அறிந்தால், தவறாமல் அறிவியுங்கள். அழைப்பாரின்றி நிற்போருக்கு இறைவனின் அழைப்பு உங்கள் குரலிலும் வரலாம்.